கொடைக்கானலில் பார்த்த டெய்சிப் பூவின் பெயரை அறிய: செல்பேசியா, நூலா, ஹெர்பேரியமா?

‘வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. கொடைக்கானலில் எடுத்த படம். இது என்ன பூ?’ மதுரையில் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் கூடவே இன்னொன்றையும் கேட்கிறார்கள். செல்பேசிச் செயலி காட்டும் பெயரை நம்பலாமா, நல்ல நூல் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டுமா, அல்லது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்துக்குப் போய், தாவரவியல் தெரிந்தவரிடம் நேரில் காட்ட வேண்டுமா? மூன்று வழிகளுக்கும் செலவு வேறு, ஆகும் காலம் வேறு, கிடைக்கும் விடையின் உறுதியும் வேறு.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த மலைப் பூ என்றால், அது நின்ற இடத்தின் உயரமும் பூத்தலையின் அடிப்பக்கமும் தெரிந்தாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் எந்த வழியில் போனாலும் கிடைப்பது ஊகம்தான்.

## இந்தக் குடும்பம் ஏன் கடினமானது

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் செவ்வந்தி, வயல் வரப்பில் முளைக்கும் கரிசலாங்கண்ணி, தெருவோர வெட்டுக்காயப் பூண்டு, எல்லோரும் அஞ்சும் பார்த்தீனியம் ஆகிய எல்லாமே ஒரே குடும்பம். உலகெங்கும் 30,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் உண்டு. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறுமலர்கள் நெருக்கமாக அமர்ந்த ஒரு தலைமஞ்சரி. விளிம்பில் இதழ் போல நீண்டிருப்பவை கதிர்ச் சிறுமலர்கள். நடுவில் பொட்டுப் போலத் தெரிபவை தட்டுச் சிறுமலர்கள். இந்தக் கூட்டத்தைக் கீழிருந்து தாங்கும் பச்சை அல்லது காகிதம் போன்ற பூவடிச் செதில்களும், விதையின் தலையில் இருக்கும் தூவியும்தான் ஒரு சிற்றினத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. மேலிருந்து எடுத்த அழகான படத்தில் இந்த இரண்டுமே தெரிவதில்லை.

இடத்தைப் பற்றியும் இங்கே ஒரு தெளிவு தேவை. மரங்கள் வளர முடியாத குளிரில், மரக்கோட்டுக்கு மேலே இருக்கும் ஆல்பைன் புல்வெளி தமிழ்நாட்டில் எங்கும் கிடையாது. மேற்கு இமயமலையில் அது சுமார் 3,300 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரின் உச்சிப் பகுதிகள் 2,500 மீட்டரைச் சற்றே தாண்டுகின்றன. அங்கே இருப்பது சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும் மலைநிலம். குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். செடிகள் ஆல்பைன் செடிகளைப் போலவே குட்டையாக, கம்பளி போர்த்தியது போன்ற இலைகளுடன் நிற்கும். தோற்றம் ஒத்திருந்தாலும் சிற்றினங்கள் வேறு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பூவின் பெயர் பழனி மலைப் பூவுக்கு வந்து ஒட்டிக்கொள்வது இந்த ஒற்றுமையால்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, விடை எந்த அளவுக்குப் போக வேண்டும் என்பது. ‘செனிசியோ பேரினம்’ என்பதோடு நின்றால் போதுமா, சிற்றினத்தின் பெயரே வேண்டுமா? படத்தை ஆல்பத்தில் வைக்கப் பேரினமே தாராளம். கல்லூரிச் செய்முறைப் பதிவேட்டுக்கும் ஆய்வுக்கும் அது போதாது.

இரண்டாவது, அந்த வழி மண்ணுக்குரிய செடியையும் வந்தேறிய களையையும் பிரித்துக் காட்டுமா என்பது. மலையேறுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான அளவுகோல் இல்லை என்று நினைக்கிறேன். புல்வெளிக்கே உரிய அரிய செடியைக் களை என்றும், களையை அரிய செடி என்றும் நம்பிக்கொண்டு திரும்புவது மலைக்கும் நல்லதல்ல.

பணம், காலம், செடிக்கு நேரும் சேதம், கிடைத்த பெயரை இன்னொருவர் சரிபார்க்க முடியுமா என்பவை மற்றவை.

## மலையிலேயே செய்துவிட வேண்டியது

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதானாலும் படங்கள் இப்படி இருக்கட்டும்: முழுச் செடி, வேரடி இலைகள், தண்டின் நடு இலை முன்பக்கமும் பின்பக்கமும், பூத்தலை மேலிருந்து, பக்கவாட்டில், கீழிருந்து, காய்த்த தலை கிடைத்தால் அதன் தூவி. பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்தால் அளவும் தெரியும். இடம், தேதி, உயரம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலை அடுத்த மன்னவனூர், பேரிஜம் பக்கம் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. ஆனால் சிக்னல் இல்லாமலும் ஜி.பி.எஸ். இயங்கும் என்பதால் படத்தோடு இடக்குறிப்பு பதிவாகிவிடும்.

தண்டையோ இலைக் காம்பையோ கிள்ளினால் பால் வருகிறதா என்று பார்ப்பது பெரிய துப்பு. பூத்தலையில் எல்லாச் சிறுமலர்களும் நாக்குப் போல நீண்டிருந்து பாலும் வந்தால், குடும்பத்தின் மிகப் பெரிய பகுதியை ஒரே அடியில் ஒதுக்கிவிடலாம். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலய எல்லைக்கு வெளியே, சாலையோரக் களை என்று உறுதியாகத் தெரிந்த செடியில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைகளில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிவைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் உதவும். பூவடிச் செதிலின் விளிம்பும் தூவியின் அமைப்பும் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது.

## செல்பேசிச் செயலி

கூகுள் லென்ஸையும் ஐநேச்சுரலிஸ்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு. லென்ஸ் இணையத்தில் உள்ள படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டு, ஒத்த தோற்றமுள்ளதைக் காட்டுகிறது. உலகில் எந்தச் செடி அதிகம் படம் பிடிக்கப்பட்டிருக்கிறதோ அதன் பக்கமே அது சாயும். ஐரோப்பியத் தோட்டச் செடிகளும் அமெரிக்கச் சாலையோரச் செடிகளும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் செடிக்குப் படங்கள் குறைவு. ஆகவே அரிய செடியாக இருக்க இருக்க, தவறு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஐநேச்சுரலிஸ்ட் வேறு வகை. அதுவும் ஒரு பெயரை முன்மொழியும். ஆனால் அதோடு நிற்பதில்லை. இடமும் தேதியும் சேர்த்துப் பதிவிட்டால் தாவரங்களை அறிந்த மற்றவர்கள் பார்த்து ஒப்புவார்கள், மறுப்பார்கள். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சிற்றினத்தை ஒப்பினால்தான் ஆய்வுத்தரம் என்ற முத்திரை கிடைக்கும். இந்திய உயிரினங்களுக்கென்றே இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற தளமும் இருக்கிறது. அங்கும் இதே போலப் படத்தைப் பதிந்து கருத்துப் பெறலாம்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். நல்ல படத்துக்கு ஒரே நாளில் விடை வரலாம். கடினமான செடிக்கு மாதக்கணக்கில் யாரும் வாய் திறக்காமலும் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடுகிறது, அதிலிருந்த இடக்குறிப்பும் போய்விடுகிறது. நண்பர் எடுத்த படத்தைப் பதிய வேண்டுமென்றால் மூலக்கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

நகரச் சுவர், சாலையோரம், தேயிலைத் தோட்ட விளிம்பு ஆகிய இடங்களில் பார்த்த பூவுக்குச் செயலியே போதும். அங்கே இருப்பவை பெரும்பாலும் உலகம் முழுக்கப் பரவிய செடிகள். அவற்றின் படங்களுக்குப் பஞ்சமில்லை.

## நூல்

பழனி மலைக்கு இரண்டு நூல்களைத்தான் சொல்வேன். ஒன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பி.எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 6,500 அடிக்கு மேலே உள்ள செடிகளுக்கென்றே எழுதப்பட்ட நூல் என்பதால் நம் தேவைக்கு நேராகப் பொருந்துகிறது. கோட்டோவியங்கள் நிறைய. பதிப்புரிமை முடிந்துவிட்டதால் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

மற்றது, கே.எம். மேத்யூ 1999இல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட பழனி மலைத் தாவரவியல் நூல். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை 1967இல் நிறுவியவர் அவர். மலையடிவாரம் முதல் உச்சி வரை முழுப் பழனி மலையையும் இந்நூல் எடுத்துக்கொள்கிறது. வந்தேறிய செடிகளையும் விடவில்லை. ஒரு செடி பழனி மலையில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டால் நான் முதலில் திறப்பது இதைத்தான்.

நூலின் பலம் அதன் அடையாளத் திறவில் இருக்கிறது. செதில்கள் ஒரே வரிசையா, பல வரிசையா? தூவி உண்டா, இல்லையா? இப்படி ஒவ்வொரு கேள்வியாக விடை சொல்லிக்கொண்டே போனால் பெயர் வந்து நிற்கும். எங்கே தடுமாறினோம் என்பதும் நமக்கே தெரியும். செயலியில் அந்த வசதி இல்லை. அது ஏன் அந்தப் பெயரைச் சொன்னது என்று நம்மால் கேட்க முடியாது.

குறைகளும் உண்டு. இரண்டும் ஆங்கிலத்தில், லத்தீன் கலைச்சொற்கள் நிறைந்தவை. அந்தச் சொற்கள் பழகவே சில வாரங்கள் ஆகும். மேல்நிலை வகுப்பில் தாவரவியல் படித்தவருக்குச் சற்று எளிது. மேத்யூவின் நூலைக் கடையில் எடுத்த எடுப்பில் வாங்கிவிட முடியாது; பெரும்பாலும் கல்லூரி நூலகத்தில்தான் பார்க்க வேண்டும். பெயர்களும் மாறிவிட்டன. பழைய நூல்கள் எரிஜெரான் முக்ரோனேட்டஸ் என்று சொல்வதை இன்று எரிஜெரான் கார்வின்ஸ்கியானஸ் என்கிறார்கள். நம் சீதேவியார் செங்கழுநீர் வெர்னோனியா சினேரியா என்றிருந்து இப்போது சயான்தில்லியம் சினேரியம் ஆகியிருக்கிறது. கியூ தாவரவியல் தோட்டத்தின் உலகத் தாவரங்கள் தளத்தில் பழைய பெயரை இட்டால் இன்றைய பெயர் கிடைக்கும். நூலில் கண்ட பெயரை எழுதும் முன் இந்தச் சரிபார்ப்பைத் தவறவிடக் கூடாது.

## ஹெர்பேரியமும் அங்குள்ளவர்களும்

மதுரைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது திருச்சி ராபினாட் ஹெர்பேரியம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், அதிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியமும் இருக்கின்றன. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. மதுரையின் பழைய கல்லூரிகளிலும் தாவரவியல் துறைகள் உண்டு. முதலில் அங்கே விசாரிப்பதே முறை.

இங்கே கிடைக்கும் விடைக்கு நிகரில்லை. அதே மலையில் முன்பே சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிய மாதிரியின் பக்கத்தில் உங்கள் செடியை வைத்துப் பார்க்கலாம். படமும் எழுத்தும் சொல்ல முடியாததை அது சொல்லும்.

ஆனால் ஹெர்பேரியம் படத்தைவிடச் செடியையே கேட்கும். வேர், இலை, பூ, காய் எல்லாம் உள்ள செடியைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் உயரமும் எழுதிய சீட்டுடன் கொண்டுபோக வேண்டும். சிக்கல் இங்கேதான். பழனி மலையின் காடுகளில் பெரும்பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கிருந்து ஒரு செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். கல்லூரி மூலம் முறையாக அனுமதி பெற்ற மாணவருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. விடுமுறைக்கு மலையேறும் குடும்பத்துக்கு இது உரிய வழியல்ல. குழந்தை ஆசைப்படுகிறதே என்று வேரோடு பிடுங்கிக் கொண்டுவருவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன்.

படத்தை மட்டும் கொண்டு போவதானால், முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ எழுதிவிட்டு வேலைநாளில் போங்கள். அங்கிருப்பவர்களுக்கு வகுப்பும் ஆய்வும் இருக்கின்றன. எல்லாக் கோணங்களிலும் எடுத்த படங்களும், செயலி சொன்ன பெயரும், நூலின் திறவில் நீங்கள் தடுமாறிய இடமும் கையில் இருந்தால் அவர்கள் நேரம் வீணாகாது.

| | செயலி | நூல் | ஹெர்பேரியம் |
|---|---|---|---|
| பணம் | இல்லை | ஃபைசன் இலவசம். மேத்யூ நூலகத்தில் | பயணச் செலவு |
| காலம் | நொடி முதல் மாதங்கள் வரை | பழகச் சில வாரங்கள் | முன் அனுமதி, ஒரு வேலைநாள் |
| பரவிய களை | மிக நன்று | நன்று | தேவையில்லை |
| மலைக்கே உரிய செடி | ஐயத்துக்குரியது | நன்று | மிக நன்று |
| செடிக்குச் சேதம் | இல்லை | இல்லை | மாதிரி எடுத்தால் உண்டு |
| பிறர் சரிபார்க்க | ஐநேச்சுரலிஸ்டில் முடியும் | திறவின் படிகளைக் காட்டலாம் | மாதிரி நிலையாக இருக்கும் |

## எந்தப் பூவுக்கு எந்த வழி

சுவரிலும் கல் இடுக்கிலும் கொத்தாகத் தொங்கும், வெள்ளையாக மலர்ந்து வயதாக ஆக இளஞ்சிவப்பாக மாறும் சின்ன டெய்சி என்றால் அது பெரும்பாலும் எரிஜெரான் கார்வின்ஸ்கியானஸ். மெக்சிகோ, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த செடி. செயலி சரியாகவே சொல்லும். மலைச்சாலை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மழைக்காலத்தை ஒட்டிச் சூரியகாந்தி போல மஞ்சளாகப் பூக்கும் புதரும் அப்படித்தான். அது மெக்சிகோவின் டித்தோனியா.

பால் வடியும் மஞ்சள் பூக்களுக்கு நூலின் திறவே விரைவானது. இலையில்லாத, உள்ளே துளையுள்ள ஒற்றைத் தண்டில் ஒரே தலை இருந்தால் டராக்ஸகம். தண்டு கிளைத்து, அடியில் மட்டும் இலைகள் தரையோடு படர்ந்திருந்தால் ஹைப்போகீரிஸ். தண்டிலும் இலை இருந்தால் சோங்கஸ் என்று தொடங்கிப் பார்க்கலாம். மேலிருந்து எடுத்த படத்தில் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும்.

உண்மையான சோதனை அனாபலிஸ் பேரினம். புல்வெளியிலும் பாறையோரத்திலும் நிற்கும், வெண்பஞ்சு போர்த்திய இலைகள் கொண்ட செடி. தொட்டால் காகிதம் போல் சலசலக்கும் வெள்ளைச் செதில்கள். பறித்த பின்னும் வாடாத பூ இது. பார்த்தவுடன் பலர் ஆல்ப்ஸ் மலையின் எடல்வைஸ் என்று நினைக்கிறார்கள். எடல்வைஸ் லியோன்டோபோடியம் பேரினத்தைச் சேர்ந்தது. அதில் நட்சத்திரம் போல வெளியே விரிபவை கம்பளி போர்த்திய இலைகள், அனாபலிஸில் வெண்மையாகத் தெரிபவை பூத்தலையின் செதில்களே. பேரினத்தை நீங்களே இப்படி உறுதி செய்துவிடலாம். அதற்கு மேல் செயலியை நம்பாதீர்கள். அது வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக உள்ள அனாபலிஸ் மார்கரிட்டேசியாவை நீட்டக் கூடும். நம் தென்மலைகளுக்கே உரிய அனாபலிஸ்கள் பல இருக்கின்றன. இலையின் அடி தண்டோடு எப்படி ஒட்டுகிறது, நரம்புகள் எத்தனை, பஞ்சு இரு பக்கமுமா என்று பார்த்துத்தான் அவற்றைப் பிரிக்க வேண்டும். நூல், பிறகு ஹெர்பேரியம் என்பதே இதற்கு வழி. மஞ்சள் பூக்கும் செனிசியோக்களுக்கும் இதையே சொல்வேன்.

இன்னொன்று மதுரை மொட்டை மாடிகளிலிருந்தே வருகிறது. இரவில் பூத்து விடிவதற்குள் வாடும் பெரிய வெள்ளைப் பூவைப் பிரம்ம கமலம் என்று கொண்டாடுகிறோம். அது கள்ளிக் குடும்பத்து எபிபில்லம். இமயமலையின் பிரம்ம கமலமான சாசூரியா ஆப்வலாட்டாதான் சூரியகாந்திக் குடும்பத்தது. சுமார் 3,700 மீட்டருக்கு மேல் பாறைகளிடையே வளரும். ஊதா நிறப் பூத்தலைகளை வெளிர்மஞ்சள் செதில்கள் படகு போல மூடியிருக்கும். மாடியில் பூத்தது எது என்று அறிய எந்தச் செயலியும் வேண்டாம்; மதுரை வெயிலில் அது வளர்கிறது என்பதே விடை.

## மதுரையிலிருந்து எங்கே போய்ப் பார்ப்பது

சிறுமலையும் அழகர்மலையும் பக்கம். ஆனால் உயரம் போதாது. அங்கே காண்பவை சமவெளிக்கும் நடுமலைக்கும் உரிய உறவினர்கள். குடும்ப அடையாளங்களைப் பழக அவை நல்ல இடங்கள். மேகமலைத் தேயிலைத் தோட்டப் பகுதி ஏறத்தாழ 1,500 மீட்டர். உயர்மலைப் புல்வெளியைத் தேடிப் போகிறவருக்கு அதுவும் முழுமையாகப் போதாது. மூணாறு அருகே இரவிகுளத்தின் புல்வெளி சிறப்பானது. வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், ஏறத்தாழ பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் கொடைக்கானலே சரி. ஆரப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது; நான்கு மணி நேரப் பயணம். சொந்த வாகனத்தில் போவோர் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போவோருக்கு அது தேவையில்லை. பேரிஜம் போக வனத்துறை அனுமதி வேண்டும். நகரத்துக்குள் வந்தேறிகளே அதிகம். மண்ணுக்குரியவற்றை யூகலிப்டஸ், வாட்டில், பைன் மரங்கள் விழுங்காமல் விட்ட புல்வெளித் துண்டுகளில் தேட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் வாரங்கள் நல்ல பருவம். கோடை தொடங்கிவிட்டால் புல் காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்தார்கள். அனுமதியில்லாத பாதையில் எந்தப் பருவத்திலும் போகாதீர்கள்.

உண்மையான ஆல்பைன் டெய்சிகளைப் பார்த்தே தீர வேண்டும் என்பவருக்கு உத்தரகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூக்கள் உச்சத்தில் இருக்கும். ரயிலில் டெல்லி, பிறகு ரிஷிகேஷ், கோவிந்த்காட், அங்கிருந்து காங்கரியாவுக்கு நடை என்று போக வர ஒரு வாரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். பிரம்ம கமலத்தை அங்கிருந்து மேலே, 4,300 மீட்டரைத் தொடும் ஹேமகுண்ட் பாதையில் தேடலாம். அனாபலிஸ் அங்கும் உண்டு, ஆனால் அவை இமயமலைக்குரிய சிற்றினங்கள். கொடைக்கானல் அனாபலிஸின் படங்களை எல்லாக் கோணங்களிலும் முன்பே எடுத்து வைத்திருப்பவருக்கு அந்த ஒப்பீடு அங்கேயே, புல்வெளியில் உட்கார்ந்தபடியே செய்யக் கூடியது.